இலவச வகுப்பு, இலவச வாய்தா

நவம்பர் 9, தேசிய சட்டப் பணிகள் தினம். கறுப்புக் கோட்டோடு பத்தாம் வகுப்புக்குள் நுழைகிறார் வக்கீல். ஃபீஸ் கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதுவரை அது அவர்களுக்கு வெறும் இரண்டு மார்க் கேள்வி.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், எங்க தாத்தா போட்ட பாகப்பிரிவினை கேஸ் எப்ப சார் முடியும்?"

விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். வக்கீல் அந்தப் பக்கமே போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல கேள்வி தம்பி, அடுத்த வகுப்புல பார்ப்போம்."

சிவில் வழக்கு எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நடத்திவிட முடியாது.