வாள் சாமிக்கு, கதை புக் டிப்போவுக்கு

லேய் மக்கா, மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க? பாட்டுப் போட்டுப் பண்ணின ரீலைத் தூக்கிட்டானுவளா? அதுக்கா சோறு வேண்டாங்க? கேட்டா, "எத்தனை தடவ பாத்திருக்கேன் பாட்டா, அது எங்க படம்"னு ஒரு வாதம். சரிதான். பொறந்ததுலேர்ந்து இந்தச் சாலைக் கடைத்தெருவுல நடக்கேன், சாலையை என் பேருக்குப் பட்டா போட்டுத் தரச் சொல்லி நாளைக்கே செக்ரட்டேரியட்டுல மனு குடுக்கேன். சாட்சிக்கு நீ வந்திரு.

1991ல வந்த 'குணா' பாட்ட 2024ல 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'ல போட்டானுவ. இளையராஜா நோட்டீஸ் விட்டாரு. உரிமை வச்சிருக்கவங்ககிட்ட வாங்கிட்டுத்தான் போட்டோம்னு படக்காரங்க சொன்னாங்க. தியேட்டர்ல சட்டையைக் கழட்டிச் சுத்தினியே, இந்த வழக்குல உனக்கு ஒரு ஸ்டூலாவது போட்டாங்களா?

இது என்ன புதுசா? நம்ம திருவனந்தபுரம் இதுக்கெல்லாம் மூத்தது. மார்த்தாண்டவர்மா மகாராஜா 1750ல என்ன செய்தாரு? வாளைக் கொண்டுபோய்ப் பத்மநாபசாமி முன்னால வச்சு, நாடே சாமிக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, தான் வெறும் தாசன்னுட்டாரு. ராஜாவுக்கே நாடு சொந்தமில்ல! ஆனா அந்த ராஜாவோட கதை? அதுக்கு ஓனர் உண்டு, கேட்டியா.

சி. வி. ராமன் பிள்ளை 1891ல 'மார்த்தாண்டவர்மா' நாவலைப் போட்டாரு. ஊரே தலைல வச்சுக் கொண்டாடிச்சு. அப்புறம் 'தர்மராஜா', 'ராமராஜபகதூர்'னு அடுத்தடுத்து ரெண்டு. இப்ப நீங்க பார்ட் டூ, பார்ட் த்ரீன்னு குதிக்கியளே, அதெல்லாம் அந்த மனுசன் அப்பவே பாத்தாச்சு.

1933ல நம்ம பக்கத்துச் சுந்தர்ராஜ் அந்த நாவலை ஊமைப் படமா எடுத்தாரு. டைரக்டர் பி. வி. ராவ். கேப்பிடல் தியேட்டர்ல திரையிட்டாச்சு. ஊருக்கே தெரிஞ்ச கதை, ராஜா செத்து நூத்தி எழுபது வருசத்துக்கு மேல ஆச்சு, யாரைக் கேக்கணும்னு நினைச்சிருப்பாரு. உன் புத்திதான். நாவல் உரிமையைக் கையில வச்சிருந்த கமலாலயா புக் டிப்போ கோர்ட்டுக்குப் போச்சு. சில நாள்லயே படம் நின்னுது. சுருளும் போச்சு, போட்ட பணமும் போச்சு.

புக் டிப்போக்காரன் பாவின்னு பல்லைக் கடிக்காத, பொறு. அந்தச் சுருள் அவன்கிட்டயே கெடந்துது. 1974ல புனே ஃபிலிம் ஆர்க்கைவ்காரங்க அங்கேர்ந்துதான் அதை எடுத்தாங்க. தென்னாட்டு ஊமைப் படத்துல முழுசா மிஞ்சினது அது ஒண்ணுதான்னு சொல்லுதாங்க. ஆசைப்பட்டு எடுத்தவன் கையில இருந்திருந்தா, ஊரு ஊராப் போட்டுத் தேச்சிருப்பான். வழக்குப் போட்டவன் பூட்டி வச்சான், படம் பொழச்சுது. இந்தக் கூத்தை எந்தச் சட்டப் புஸ்தகத்துல சேக்க?

சுந்தர்ராஜுக்குச் சொந்தக்காரரு ஜே. சி. டேனியல். அவரு அதுக்கு முன்னாலயே 'விகதகுமாரன்' எடுத்தாரு. மலையாளத்துல மொதல் படம். அதையும் இதே கேப்பிடல்லதான் போட்டாரு. அதுக்கு ஒருத்தனும் உரிமைக் கேஸ் போடல. ரசிகமாருதான் போட்டானுவ, கல்லு! தலித் பொண்ணு ரோஸி எப்படி நாயர் பொண்ணா நடிக்கலாம்னு கேட்டுத் திரையைக் கிழிச்சானுவ. அந்தப் புள்ள ஊரை விட்டே ஓடிச்சு. டேனியல் கடன்ல முங்கினாரு. அந்தப் படத்துல இன்னைக்கு ஒரு அடிச் சுருள் கூடக் கெடையாது. "எங்க சினிமா, எங்க இஷ்டம்"னு அன்னைக்கே சொன்னவனுவ உங்க ஆளுவதான் மக்கா.

இப்ப உன் விசயத்துக்கு வா. விமர்சனம் பண்ணணும்னா கொஞ்சம் எடுத்துக் காட்ட 1957 சட்டத்துல எடம் உண்டு. நீ பண்ணினது விமர்சனமா? முழுப் பாட்டையும் ஓட விட்டு அடியில மூணு நெருப்புப் பொம்மை. அதுல எந்த நெருப்பு விமர்சனம்னு ஜட்ஜுக்கு நீயே வெளக்கு.

ஒண்ணு சொல்லுதேன், கேளு. சி. வி. போய்ச் சேந்தது 1922ல. எழுதினவன் செத்து அறுவது வருசம் வரைக்கும்தான் நம்ம நாட்டுல உரிமை. அவரு நாவல் எப்பவோ பொதுச் சொத்தாயாச்சு. பைசா வேண்டாம், கடுதாசி வேண்டாம். அதுல வருத சுபத்ராவை எடு, பைத்தியக்காரன் வேசத்துல திரியுத அனந்தபத்மநாபனை எடு, உன் ரீலை அதுல பண்ணு. ஒரு கம்பெனியும் உனக்கு நோட்டீஸ் விடாது.

ஆனா சுபத்ராவா யாரை நடிக்க வைக்கன்னு மட்டும் யோசிச்சு வை. வக்கீல் நோட்டீசுல பதில் சொல்ல நாள் குடுப்பான். ரசிகன் அதுவும் குடுக்க மாட்டான்.