சிஸ்டம் அண்ணன்

ஒவ்வொரு தெருவிலும் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு இஸ்திரி வண்டி, ஒரு சிஸ்டம் அண்ணன் உண்டு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். இஸ்திரிக்காரருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். சிஸ்டம் அண்ணனுக்கு ஒரு டம்ளர் காபி போதும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. காசு வாங்குகிறவர் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார். காசு வாங்காதவரை எப்படிக் கிளப்புவது?

எங்கள் தெரு அண்ணன் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். கம்ப்யூட்டரை யாரிடமும் படித்ததில்லை. பிரித்துப் பிரித்தே கற்றவர். வந்ததும் "என்ன பிரச்சினை?" என்று கேட்க மாட்டார். "கடைசியா யார் கை வெச்சது?" என்றுதான் கேட்பார்.

எங்கள் வீட்டு மெஷின் 2004இல் வாங்கியது. ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது, அப்பா நிறுத்தவில்லை. குடியிருப்போர் சங்கக் கணக்கும் சாலிடேரும் இன்னும் அதில்தான். பெட்டி மாதிரி இருந்த பழைய மானிட்டர் ஒருநாள் கண்ணை மூடிவிட, பதினெட்டரை அங்குல எல்ஈடி ஒன்று வாங்கினோம். வினை அங்கே ஆரம்பித்தது.

புது மானிட்டருக்கு 1366க்கு 768 புள்ளிகள் வேண்டும். மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்த கிராபிக்ஸ் சிப்புக்கு அப்படி ஒரு கணக்கே தெரியாது. தனக்குத் தெரிந்த 800க்கு 600ஐ அனுப்பியது. மானிட்டர் அதைத் திரை முழுக்க இழுத்துப் பரப்பியது. வட்டமெல்லாம் படுத்த கோழிமுட்டை ஆயிற்று. பெங்களூரிலிருந்து வந்த போட்டோவில் பேரன் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாக இருந்தான். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "மருமகளை என்னமோன்னு நெனச்சேன். புள்ளையை நல்லாத்தான் கவனிச்சுக்கிறா."

அப்பாவுக்கும் குறை இல்லை. எழுத்தெல்லாம் கடைப் பலகை மாதிரிப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் சங்கச் சந்தா கட்ட வந்த அண்ணன் கண்ணில் அந்தத் திரை பட்டுவிட்டது. உற்சவருக்கு மாலையைத் திருப்பிப் போட்டிருப்பதைக் கண்ட அர்ச்சகர் போலத் துடித்துப்போனார்.

"நேட்டிவ் ரெசல்யூஷன்ல இல்ல சார் இது. எப்படி சார் பார்க்கிறீங்க?"

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் தம்பி."

சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய், பழைய சாமான் கடையில் ஒரு ஏஜிபி கார்டைப் பிடித்துவந்தார். ஏஜிபி என்பது 1997இல் இன்டெல் கொண்டுவந்த ஸ்லாட். 2004 வாக்கில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் அதன் காலம் மலையேறத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு ஷோரூமில் அந்தப் பெயரைச் சொன்னால் விற்பனைப் பையன் தன் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும். அண்ணனுக்குப் புது மெஷின்களில் ருசி கிடையாது. அவை தாமாகவே வேலை செய்துவிடுகின்றன. பிறகு இவர் எதற்கு?

தரையில் பழைய நாளிதழை விரித்தார். ஸ்க்ரூக்கள் எவர்சில்வர் மூடிக்குள் போயின. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே இருந்த தூசியைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. ஒரே ஊது. குடும்பமே தும்மியது. "பாடி கரண்ட் இறங்கணும்" என்று இரும்பைத் தொட்டுக்கொண்டார். அப்புறம்தான் அந்த வைபவம். கார்டின் தங்க நிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்தார். ஒரே திசையில், மெதுவாக, பாட்டி வெள்ளிக் குங்குமச்சிமிழ் துலக்குகிற பதத்தில். துகளைத் தட்டினார். ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தி இல்லை; இன்னும் இரண்டு தேய். பழுப்பு நிற ஸ்லாட்டில் நிறுத்தி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். 'க்ளக்'. தனியாவர்த்தனம் முடித்த மிருதங்கக்காரர் போல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பு. 'நோ சிக்னல்.'

அண்ணன் பீப் சத்தத்துக்குக் காது கொடுத்தார். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பல போர்டுகளில் அது கிராபிக்ஸ் கோளாறு. இதுவோ ஒரே ஒரு குட்டை. அதாவது சகலமும் சௌக்கியம். "நல்லா இருக்கேன்னு சொல்லுது, முகத்தைக் காட்ட மாட்டேங்குது" என்றார். மறுபடி கழற்றினார், மறுபடி ரப்பர். கையோடு ரேமையும் தேய்த்தார். மூன்று வோல்ட் பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். மெஷின் இன்றைய தேதியை மறந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது காபியின்போது மேஜைக்குப் பின்னால் குனிந்தவர் வெகுநேரம் எழவில்லை. எட்டிப் பார்த்தேன். மானிட்டரின் நீலத் தலை கேபிள் பழைய சாக்கெட்டிலேயே இருந்தது. ஐபிஎம் 1987இல் விஜிஏவைக் கொண்டுவந்த நாள் முதல் எத்தனை அண்ணன்மார் இந்த இடத்தில் சறுக்கியிருப்பார்களோ! சத்தமில்லாமல் பிடுங்கிப் புதுக் கார்டில் சொருகிவிட்டு எழுந்தார்.

"லூஸ் கான்டாக்ட் சார்."

அடுத்தது டிரைவர். அவர் பென்டிரைவில் 'நியூ', 'நியூ நியூ', 'ஃபைனல் நியூ' என்று மூன்று ஃபோல்டர்கள். வேண்டியது 'நியூ'வில் இருந்தது.

கடைசியில் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தார். இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்டது. 15 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் திரை பழையதற்கே திரும்பிவிடும். புது அளவு ஒத்துக்கொள்ளாமல் திரை இருண்டுபோனால், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தே பிழைத்துக்கொள்ள ஒரு வழி. "வீட்டுக்குப் பெரியவர், நீங்களே அமுக்குங்க சார்" என்று மவுஸை நீட்டினார். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, மாட்டிக் குனிவதற்குள் திரை மறுபடி குண்டாகிவிட்டது. மூன்று முறை இப்படி. நாலாம் முறை அண்ணனே அமுக்கினார்.

"பாருங்க சார், கத்தி மாதிரி!"

கத்திதான். சங்கக் கணக்கு முழுக்க எறும்பு ஊர்ந்தது. போட்டோவைப் பார்த்த அம்மா, "ஐயோ, புள்ள இப்படி இளைச்சுட்டானே!" என்று பெங்களூருக்கே போன் போட்டுவிட்டாள். மிஞ்சிய ஒரு ஸ்க்ரூவை, "இது எக்ஸ்ட்ரா" என்று பையில் போட்டுக்கொண்டு அண்ணன் விடைபெற்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அப்பா ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்தார். இந்தமுறை கண்ணாடியை முன்னாலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நொடியிலேயே சம்மதம் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதச் சந்தா கட்ட வந்த அண்ணன் திரையைப் பார்த்தார்.

"மறுபடி போயிடுச்சா சார்?"

"ஆமா தம்பி," என்றார் அப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "தானாப் போயிடுச்சு."

அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை 1366க்கு 768இல்கூட நாங்கள் பார்த்ததில்லை. "டிரைவர்தான் சார். கவலைப்படாதீங்க, சனிக்கிழமை வந்துடறேன்."

அம்மா எழுந்துபோய்க் காபிப்பொடி டப்பாவைத் திறந்து பார்த்தாள்.