அண்ணாச்சியின் ரகசியங்கள்

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் ஓர் அண்ணாச்சி உண்டு. தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள் என்பதால் பெயர் தேவையில்லை. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்றால் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வண்டி தென்காசியைத் தாண்டுவதற்குள் ‘குடும்பத்தோடு குற்றாலம், ரெண்டு நாள்’ என்று ஸ்டேட்டஸ் ஏறிவிடும். பேரருவியில் தலையைக் கொடுக்கும்போதும் பிளாஸ்டிக் உறைக்குள் போன் கழுத்தில் தொங்கும். அதற்கும் பூட்டு உண்டு: ஒன்பது புள்ளிகளில் விரலை இழுத்து ஒரு ‘ட’. ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணோ, மறந்துவிடக் கூடாதே என்று கார்டு உறையின் மேலேயே பேனாவால் எழுதப்பட்டிருக்கும்.

இதை வைத்து அவரை விவரம் கெட்டவர் என்று முடிவு கட்டினால் தப்பு. மகளுக்கு வரன் பார்ப்பது நிச்சயதார்த்தம் வரை பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வயலுக்கு முன்பணம் வாங்கியது உடன்பிறந்த தம்பிக்கே தெரியாது. மறைக்கிற கலையில் அவர் தேர்ந்தவர். ஆனால் அந்தக் கலை கண்ணுக்குத் தெரிகிற ஆட்களுக்காகப் பழகியது. முகம் தெரியாதவன் என்றால் மொத்தமாகக் கொட்டிவிடுவார். தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பாருங்கள். ஆதார், பான், பாஸ்புக்கின் முதல் பக்கம் மூன்றையும் படம் பிடித்துக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். பிரிண்ட் வந்ததும் அசல் கார்டைச் சட்டைப்பையில் வைத்து, இருக்கிறதா என்று இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொள்வார். அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரிலோ அவரும், பட்டா மாறுதலுக்கு வந்தவரும், முதியோர் பென்ஷனுக்கு வந்த ஆச்சியும் வரிசையாகக் குடியிருக்கிறார்கள். அதை யார் எப்போது அழிப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டால், “எங்கிட்ட என்னவே இருக்கு களவாண்டுட்டுப் போக?” என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் காலத்துத் திருடனுக்கு அண்ணாச்சியின் பணத்தைவிட அவருடைய பெயர் உபயோகமானது. அந்த நகலை வைத்து சிம் வாங்க முயலலாம். எங்கோ திருடிய பணத்தை இவர் பெயரிலுள்ள கணக்கு வழியாகக் கடத்தலாம். கடன் ஆப் ஒன்றுக்கு கான்டாக்ட் லிஸ்ட்டைப் பார்க்க அனுமதி கொடுத்தால், தவணை தவறிய மறுநாள் அது சம்பந்தி வீட்டுக்கே போன் போடும். போலீஸ் என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கிற ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற மோசடியும் இப்படித்தான் எடுபடுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று பிரதமரே 27.10.2024 அன்று வானொலியில் சொன்னார். இருந்தும் ஆட்கள் விழுகிறார்கள். காரணம், கூப்பிடுகிறவன் ஆதார் எண்ணையும் அப்பா பெயரையும் தப்பில்லாமல் சொல்லிவிடுகிறான். “நம்பரையே சொல்லுதானே, அப்போ போலீஸாத்தானே இருக்கும்?”

கல்யாண வீட்டு மொய்யை மைக்கில் வாசிக்கிற ஊரில் என்ன பெரிய அந்தரங்கம் என்று சிலர் கேட்பார்கள். மொய் நோட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. நான் வைத்தது உனக்குத் தெரியும், நீ வைத்தது எனக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சிலும் அதே கணக்குதான். உன் கதையைப் பேசுகிறவனின் கதை உன் கையிலும் இருக்கும், அதனால் ஒரு அளவோடுதான் பேசுவான். போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் கதை நமக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அண்ணாச்சி ஒழுங்காக இருந்தால் மட்டும் போதுமா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024இல் கசிந்து, டெலிகிராம் பாட் வழியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தன. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். அதில் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. பாலிசி எடுத்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. அரசாங்கமும் அண்ணாச்சிக்குக் குறைந்ததல்ல. ஆதார் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே 27, வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமையே அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆயிற்று, அதன் விதிகள் வர 2025 நவம்பர். ஆகவே பழியில் பெரும்பங்கு தரவைக் கேட்டு வாங்கி, காபந்து பண்ணாமல் விட்டவர்களுக்கே. அண்ணாச்சியின் பங்கு சிறியது. ஆனால் உடனே திருத்த முடிவது அது ஒன்றுதான்.

அதற்கு வங்கி அனுப்புகிற எச்சரிக்கைகள் உதவாது. அந்தத் தமிழை அண்ணாச்சி படிப்பதே இல்லை. “மக வரன் விஷயம் மாதிரி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, கண்ணு பட்டுரும்” என்றால் பளிச்சென்று விளங்கும். கைரேகையை ஆதாரில் பூட்டி வைப்பார், பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்வார். எண்ணை மறைத்த ஆதாரை இறக்கி, அது எப்படி இருக்கும் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்ற நல்லெண்ணத்தில் குடும்பக் குரூப், கோயில் கொடைக் குரூப், பழைய மாணவர் குரூப் எல்லாவற்றுக்கும் அனுப்புவார். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மறைக்காததையும் சேர்த்தே அனுப்புவார்.