கர்சர் முரண்டியல்: ஒரு தொடக்க ஆய்வு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைக் கடக்கும் கம்பெனி பஸ்களில் காலையில் தூங்கி வழிபவர்கள் இருவகைப்படுவர்: இரவெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்கள், கர்சரோடு மல்லுக்கட்டியவர்கள். முதல் வகையினருக்குச் சங்கம் உண்டு. இரண்டாம் வகையினருக்கு இக்கட்டுரையாவது இருக்கட்டும்.

கர்சர் என்பது டேட்டாபேஸ் டேபிளின் ரோக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. ஸ்டோர்ஸில் உள்ள எல்லா பார்ட் நம்பருக்கும் ஐந்து சதவீதம் விலை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அப்டேட் கட்டளை போதும். ஆனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால்தான் சிலருக்கு மனம் ஆறும். நோயின் மூலம் இந்த மனநிலையே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

நோய்க்குறிகள் பலவிதம். ஆரக்கிளில் ‘ஃபார் அப்டேட்’ போட்டுத் திறந்த கர்சரின் லூப்புக்குள் கமிட் செய்தால் ரோக்களின் பூட்டு அவிழ்ந்துவிடும். அடுத்த ரோவைக் கேட்டதும் ஓஆர்ஏ-01002 என்று முறைக்கும். கமிட்டை லூப்புக்கு வெளியே தள்ளினால் குணமாகும். எஸ்க்யூஎல் சர்வரின் 16929 பிழை இன்னும் நுட்பமானது. யூனிக் இண்டெக்ஸ் இல்லாத டேபிளின் மேல் கீசெட் கர்சர் கேட்டால், சர்வர் வாயே திறக்காமல் ஸ்டேட்டிக் கர்சரைக் கையில் கொடுத்துவிடும். அதில் படிக்கலாம், எழுத முடியாது. எழுதப் போகும்போதுதான் குட்டு உடையும். மைஎஸ்க்யூஎல் நேர்மையானது: அதன் கர்சர் எப்போதுமே படிக்க மட்டும்தான்.

இவையெல்லாம் வாய்விட்டு அழும் நோய்கள், பயமில்லை. லூப்பின் கடைசியில் ‘ஃபெட்ச் நெக்ஸ்ட்’ விட்டுப்போனால் அழுகையே வராது. முதல் பார்ட்டின் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், விலைக்கான கட்டத்தில் எண் கொள்ளாமல் திணறும்வரை.

ஊமை நோய்களில் தலையாயது ஹாலோவீன் சிக்கல். 1970களில் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வுக்குழுவில் டான் சேம்பர்லின், பாட் செலிஞ்சர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான் ஆகியோர் கண்டது. 25,000 டாலருக்குக் கீழே சம்பளம் வாங்குவோருக்குப் பத்து சதவீத உயர்வு என்பது கட்டளை. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஆனால் முடிவில் அத்தனை பேரும் 25,000-ஐத் தொட்டிருந்தார்கள். ரோக்களைச் சம்பள இண்டெக்ஸ் வழியே படித்ததுதான் காரணம். உயர்வு பெற்றவர் இண்டெக்ஸில் முன்னே நகர்ந்து மறுபடி எதிர்ப்பட்டார். பந்தியில் சாப்பிட்டவரே எழுந்துபோய்க் கடைசி இலையில் உட்கார, பரிமாறுபவர் முகம் பாராமல் மீண்டும் சோறு போடுவது போல. பெயரில் பேய் ஏதும் இல்லை. கண்டறிந்த நாள் ஹாலோவீன், அவ்வளவுதான். இது ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் படி விஷயத்தில் நடந்தால் ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு புகார்கூட வராது. கண்டுபிடிப்பவர் ஆடிட்டராகத்தான் இருப்பார்.

ஒற்றை அப்டேட் கட்டளை என்றால், ஒருமுறை திருத்திய ரோ மறுபடி எதிர்ப்படாதபடி இன்றைய டேட்டாபேஸ்கள் தாமே பார்த்துக்கொள்கின்றன. சொந்தமாக லூப் கட்டுபவர்களுக்கு அந்தக் காவல் எப்போதும் கிடைக்காது. கர்சரை விடவே மாட்டேன் என்பவர்கள், திருத்த வேண்டிய ரோக்களின் பிரைமரி கீயை முதலில் ஒரு டெம்ப் டேபிளில் கொட்டி, அந்தப் பட்டியலின் மேல் கர்சரை ஓட்டட்டும்.