ஒரே ஆள், இரண்டு உத்தியோகம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கணினி, ஃபயர்வாலுக்கு இன்னொன்று என்றால் யாருக்குக் காசு எடுக்கக் கை வரும்? மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் இலவசம். லினக்ஸோடு ஃபயர்வாலும் கூடவே வருகிறது. பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் மீனவர் சங்கம் இரண்டையும் ஒரே பழைய பெட்டியில் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம்.

ஃபயர்வாலின் வேலை, யாரையும் உள்ளே விடாமல் இருப்பது. போனின் வேலை, யார் கூப்பிட்டாலும் 'அலோ' சொல்வது.

ஃபயர்வாலில் அழைப்பு வரும் 5060 போர்ட்டைத் திறந்தால் மணி அடிக்கும். குரல் வந்துபோகும் 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகளை மறந்தால், நாம் சொல்லும் இறால் விலை வியாபாரிக்குக் கேட்கும். அவர் பேசும் பேரம் நமக்குக் கேட்காமல் போகலாம். (இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனமில்லை.)

5060-ஐ ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டால் வேறு வேடிக்கை. எங்கிருந்தோ வரும் நிரல்கள் 100, 101 என்று எக்ஸ்டென்ஷன்களைத் தட்டிப் பார்க்கும். பாடு முறையில் இன்று யார், எங்கே வலை போடுவது என்று தலைமுறைகளாகக் கறாராக ஒழுங்கு வைத்திருக்கும் ஊர், பாஸ்வேர்டு மட்டும் 1234 என்று வைத்திருக்கும். நள்ளிரவில் தெரியாத தேசத்துக்கு அழைப்பு போகும். பில் சங்கத்துக்கு வரும்.

அப்டேட் போட்டு ரீபூட் செய்தால் காவலும் போனும் சேர்ந்தே படுக்கும். அதற்குத் தோதான நாள், பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாள்தான். அன்றைக்கு யாரையும் கடலுக்கு விடமாட்டார்கள்.