மேஸ்திரிக்கு மேல் ஒருவர்

எந்த ஊரின் புதுக் குடியிருப்புப் பக்கம் போனாலும் இவரைப் பார்க்கலாம். பாதி எழும்பிய வீடு, எதிரே எம்சாண்ட் குவியல், அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் இவர். சட்டைப்பையில் மூட்டைக் கணக்கு எழுதிய நோட்டு, கையில் இன்ச் டேப். போன மாதம்வரை வங்கி மேலாளர், பி.எஃப். பணம் வந்த நாள் முதல் கட்டட என்ஜினீயர்.

அசல் என்ஜினீயர் ஒருவரும் இருக்கத்தான் செய்கிறார். பிளான் அப்ரூவலுக்குக் கையெழுத்துப் போட்டதோடு அவர் சோலி முடிந்தது. "படிச்ச பையன்தான், இல்லேங்கல. ஆனா அனுபவம் வேணுமே!" என்பார். இவருக்கும் இதுதான் முதல் வீடு.

படிக்கட்டில்தான் அனுபவம் பேசத் தொடங்கும். டிராயிங்கில் 17 படி. ஒற்றைப்படை, குறையில்லை. ஆனால் அடியிலிருந்து இந்திரன், எமன், ராஜா என்று எண்ணிக்கொண்டே போனால் பதினேழாவது எமனில் வந்து நிற்கிறது. 18 என்றால் ராஜா; ஆனால் இரட்டைப்படை. ஆகவே 19. இந்திரனும் ஆச்சு, ஒற்றைப்படையும் ஆச்சு. படிக்கட்டுக்கு ஒதுக்கிய இடம் மட்டும் 17 படிக்கானது. அதற்குள்ளேயே இன்னும் இரண்டைச் செருகினால் 10 அங்குல மிதி 9-க்கும் கீழே போய்விடும். வீட்டுப் படிக்கு மிதி 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் குதிகால் படியிலும் விரல்கள் அந்தரத்திலும் இருக்கும். எமன் கணக்கிலிருந்து போனார், படிக்கட்டிலேயே குடிவந்தார்.

இதோடு விட்டாரா? கொத்தனார் பாவம், எல்லாப் படியையும் ஒரே உயரமாகத்தான் வார்த்தார். அப்புறம் டைல்ஸ்காரர் வந்தார். கீழ்த்தரை கலவையும் டைல்ஸுமாக 3 அங்குலம் ஏறியது. படிகளுக்குக் கிரானைட் ஒட்டியதில் ஒன்றரை. மாடித்தரை இரண்டரை. கூட்டிக் கழித்தால் முதல் படி ஒன்றரை அங்குலம் குட்டை, கடைசிப் படி ஒரு அங்குலம் நெட்டை. படியேறுகிற யாரும் ஒவ்வொரு படியாகப் பார்த்து ஏறுவதில்லை; இரண்டு படி ஏறியதும் கால் தானாக ஓர் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. அந்த மனப்பாடம் கடைசிப் படியில் இடறும். வீட்டு ஆட்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள், விருந்தாளிதான் விழுவார். போதாததற்கு அந்தக் கிரானைட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. ஈரக்காலோடு ஒருவர் இறங்கினால் என்ன ஆகும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனால் இவர் அசல் கைவரிசையைக் காட்டுவது பால்கனியில். அறையின் தளம் நான்கு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறினால் நடுவில் தொய்யப் பார்க்கும், இழுவை அடிப்பக்கம். அதனால் முக்கியக் கம்பி அடியில். பால்கனியோ ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்பது. முனை தாழப் பார்க்கும், இழுவை மேல்பக்கம். கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். அதோடு, பால்கனி வெளியே நீளும் தூரத்துக்கு மேலேயே அறைத் தளத்துக்குள் ஓட வேண்டும். இதைக் கம்பி கட்டுகிற பையன்கூடச் சொன்னான்.

"சார், உள்ள இன்னும் நாலடி போகணும்."

"உள்ள எதுக்குடா கம்பி? பால்கனி வெளியதானே இருக்கு! கிலோ என்ன விலை தெரியுமா?"

கான்கிரீட் போடும் நாளில் இவர் கண்ணை விட்டு ஈ தப்பாது. எத்தனை மூட்டை பிரித்தார்கள், காலிச் சாக்கு எத்தனை திரும்பியது, டீயோடு யார் இரண்டு வடை எடுத்தார்கள், எல்லாம் நோட்டில் ஏறும். அதே நேரம் சட்டி தூக்குகிறவர்கள் பால்கனியின் மேல்கம்பிகள் மீது நடந்து நடந்து, அவற்றைப் பலகையோடு பலகையாக அமுக்கிக்கொண்டிருப்பார்கள். மேலே இருக்க வேண்டிய கம்பி அடிக்குப் போய்விட்டது. அது திருட்டுப் போகவில்லை அல்லவா, அதனால் இவர் கண்ணில் படாது.

சென்ட்ரிங் பிரிப்பதிலும் இதே கதை. பால்கனி முட்டுகளைக் கடைசியாக, அதுவும் முனையிலிருந்து சுவரை நோக்கிக் கழற்ற வேண்டும். "நாள் வாடகை ஏறுதுப்பா" என்று இவர் முதலில் கழற்றச் சொல்வதே அதைத்தான். ரோட்டுப் பக்கம் பார்வையாக இருக்கட்டும் என்று டிராயிங்கில் இல்லாத இரண்டடியையும் கூட்டியிருப்பார். மின்கம்பி எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்திருக்கும். 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. இவர் தீர்வு: கம்பி மேல் ஒரு பி.வி.சி. பைப்பை மாட்டிவிடுவது.

கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். இவர் எழுப்புவது இரண்டடி, மேலே எஸ்.எஸ். பைப், எல்லாம் குறுக்குவாட்டில். நெட்டுக்குத்தாக வைத்தால் ஜெயில் மாதிரி இருக்குமாம். மூன்று வயதுப் பேரன் அதைப் பார்த்தவுடன் ஏணி என்று சரியாகப் புரிந்துகொண்டான்.

படிக்கட்டுக்கு டூ-வே சுவிட்ச் வைக்கலாமே என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு, "ஒரு பல்புக்கு எதுக்குய்யா ரெண்டு சுவிட்ச்?" என்று திருப்பிக் கேட்டார். எனவே ராத்திரி மாடியில் இருப்பவர் இருட்டில் இறங்கி வந்து விளக்கைப் போட வேண்டும்.

கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் கிடைத்துவிட்டது, படிக்கட்டுக் கைப்பிடிதான் வந்துசேரவில்லை. "அடுத்த மாசம் மாட்டிக்கலாம், விசேஷம் நிக்குமா?" கைப்பிடி வர வேண்டிய இடம் நெடுகச் செவ்வந்திச் சரம் கட்டியாயிற்று. பந்தி முடிந்து கை கழுவிய ஈரத்தோடு சொந்தபந்தம் மொத்தமும் மாடி பார்க்கக் கிளம்பியது. கடைசிப் படியில் சம்பந்தி தடுக்கி, சரத்தைப் பிடித்து, சரத்தோடு சேர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்து வாங்க சம்பந்தி. அந்தப் படி மட்டும் கொஞ்சம் அப்படித்தான்."

அன்று சாயங்காலம் மச்சினன் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றான். "அத்தான், ஆவணியில நானும் பூமி பூஜை போடுறேன். மேஸ்திரிய நம்ப முடியாது. நீங்கதான் கூட நின்னு பாத்துக்கணும்."

இவர் பட்டு வேட்டி மடிப்பிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார்.

"பாத்துக்கலாம் மாப்ளே. மொதல்ல சொல்லு, எத்தனை படி வரைஞ்சிருக்கான்?"