கிழித்தாலும் குறையாத கலை

கேள்வி: கணினியும் கைப்பேசியும் ஆளும் இக்காலத்தில் வடிவமைப்பாளருக்குப் படைப்பூக்கம் எங்கே கிடைக்கும்?
– வாசகர், இளையரசனேந்தல்

பதில்: இளையரசனேந்தலுக்கு அருகிலுள்ள கோவில்பட்டியிலேயே கிடைக்கும். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்ட வந்து அவ்வூரிலேயே தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976), தட்டையான பரப்பில் தொலைவைக் காட்டும் மேடை உத்தியையும், ஒளிப்படத்தின் ஒளிநிழலையும் மரபோடு இணைத்துத் தெய்வங்களை வரைய, தகட்டிலுள்ள உருவை ரப்பர் உருளை வழியே தாளில் பதிக்கும் சிவகாசியின் ஆஃப்செட் அச்சு, அவ்வோவியங்களை நாட்காட்டிகளாக வீடுதோறும் சேர்த்தது. தம் காலத்தின் புதிய கருவிகளை அஞ்சாமல் அரவணைத்த அக்கலைஞரிடம் கற்க விரும்பும் வடிவமைப்பாளர், திரையை நோக்கும் கண்ணால் வீட்டுச் சுவரையும் நோக்குதல் வேண்டும். தேதித்தாளை நாள்தோறும் இழந்தாலும் நாட்காட்டி தன் ஓவியத்தை இழப்பதில்லை.